பழைய நண்பர் வீடும் மூங்கில் குழலும்: ஜப்பானிய இசைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், பழைய நண்பர்களைப் பார்க்க மறுபடி போகும்போது வழக்கமாக ஒரு தப்பு செய்வார்கள். நானும் செய்தேன். ஏழு நாளில் ஒன்பது வீடு என்று அட்டவணை போட்டுக்கொண்டு போனேன். தேநீர் ஆறுவதற்குள் அடுத்த ரயிலுக்கு நேரம் பார்த்தேன். ஐந்தாம் நாள் கியோட்டோவில், என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்த நண்பர், என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, பேச்சை நிறுத்திவிட்டு ஒரு இசைத்தட்டை எடுத்துப் போட்டார். தனி மூங்கில் குழல். அது முடியும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரத்தில் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். மற்ற வீடுகளில் என்ன பேசினோம் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை மூன்று வீடு மட்டும் வைத்துக்கொண்டேன். இசை கேட்பதற்கென்றே இரண்டு நாளைக் காலியாக விட்டேன். அப்படிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயணம் போகும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் முதல் பகுதி உதவும்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது: காதைப் பழக்குவது

ஜப்பானிய தியான இசை என்று இணையத்தில் தேடினால் எட்டு மணி நேரப் பதிவுகள் வந்து குவியும். மழைச் சத்தம், கீபோர்டு, மேலே தூவினாற்போல் கொஞ்சம் குழல். தூங்குவதற்கு அது போதும். காதைப் பழக்க உதவாது. ஒன்றிரண்டு வாத்தியங்கள், முழு உருப்படி, வாசித்தவர் பெயர் தெரிந்த பதிவு என்று பார்த்து எடுங்கள். வாரத்துக்கு ஒரே உருப்படி, தினமும் ஒரு தடவை. கேட்கும்போது கையில் போன் வேண்டாம்.

முதல் வாரம் 'ரொக்குதான் நோ ஷிராபே'. இது கோட்டோவில் வாசிப்பது. ஏறக்குறைய ஆறடி நீளமுள்ள கிரி மரப் பெட்டி, மேலே 13 தந்திகள், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் சிறு கட்டை. வலக்கையின் மூன்று விரல்களில் நகம் மாட்டி மீட்டுவார்கள். இடக்கை தந்தியை அழுத்தி சுரத்தை வளைக்கும். இந்த உருப்படியை இயற்றியவர் 17ஆம் நூற்றாண்டின் பார்வையற்ற கலைஞர் யட்சுஹாஷி கெங்க்யோ என்பது மரபு. அவர் மறைந்தது 1685இல். ஐரோப்பாவில் இசையமைப்பாளர் பாக் பிறந்ததும் அதே வருஷம்தான். ரொக்குதான் என்றால் ஆறு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் 104 தட்டு, முதல் பகுதிக்கு மட்டும் தொடக்கத்தில் நான்கு கூடுதல். தட்டெல்லாம் எண்ண வேண்டாம். நிதானமாக ஆரம்பித்து, எந்த இடத்தில் வேகம் கூடியது என்றே தெரியாமல் கூடி, கடைசியில் மறுபடி அடங்கும். வேகம் கூடும் இடத்தைப் பிடிக்கப் பாருங்கள். நான் ஒரு வாரமும் பிடிக்கவில்லை.

நமக்கு 'தகதிமி' மாதிரி அவர்களுக்கும் வாயால் சொல்லும் சொற்கள் உண்டு. ரொக்குதானின் ஆரம்பம் 'தேஎன், தொன், ஷான்'. மேலிருந்து மூன்று சுரம் இறங்கினால் 'கொரொரின்'. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கேட்டால் முன்பின் தெரியாத இசை சட்டென்று நெருங்கி வரும். ஜப்பானில் கோட்டோ கற்ற யாரிடமாவது 'தேஎன் தொன் ஷான்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

இரண்டாம் வாரம் 'ட்சுரு நோ சுகொமொரி', கொக்கின் கூடு. இது ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலில் வாசிப்பது. பெயரே அளவுதான்: ஒரு ஷாகு, எட்டு சுன், அதாவது சுமார் 54.5 சென்டிமீட்டர். முன்பக்கம் நான்கு துளை, பின்பக்கம் ஒன்று, அவ்வளவுதான். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் யமாகுச்சி கொரோ வாசித்த பதிவு இருக்கிறது. அதே தட்டில்தான் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. அந்தப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் சிறகடிப்பது போல ஒலி நடுங்கும் இடம் வரும். மூச்சுக் காற்றின் சத்தமும் சேர்ந்தே கேட்கும். ஒலிப்பதிவில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், காற்றும் இசையில் சேர்ந்ததுதான்.

மூன்றாம் வாரம் 'ஹாரு நோ உமி', வசந்தகாலக் கடல். கோட்டோவும் ஷாகுஹாச்சியும் சேர்ந்தது. சிறுவயதிலேயே பார்வை இழந்த மியாகி மிச்சியோ 1929இல் இயற்றியது. புத்தாண்டு நாட்களில் ஜப்பானின் கடைகளிலும் தொலைக்காட்சியிலும் இது ஓடாத இடம் இல்லை. கேட்ட உடனே பிடித்துவிடும். இதை முதலில் வைத்தால் மற்றவை வறட்சியாகத் தெரியும் என்றுதான் மூன்றாவதாக வைத்தேன்.

நான்காம் வாரம் 'எதென்ராகு'. இது காகாகு என்னும் அரசவை இசை. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவை கேட்டபோது ஒரு நாகஸ்வர கோஷ்டி தூக்கத்தில் வாசிப்பது போலத்தான் இருந்தது எனக்கு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது: ஹிச்சிரிகி என்ற சின்னக் குழலுக்கும் நாகஸ்வரம் போலவே சீவாளி உண்டு. பின்னணியில் மேகம் மாதிரி நிற்கும் ஒலி ஷோவினுடையது. 17 மூங்கில் குழாய்களைக் கட்டாகக் கட்டிய வாத்தியம் அது, ஆனால் ஒலிப்பது 15தான். மூச்சை உள்ளே இழுத்தாலும் வெளியே விட்டாலும் ஒலிக்கும், அதனால் மேகம் கலைவதே இல்லை. உள்ளே ஈரம் கட்டினால் சுருதி போய்விடும் என்று கலைஞர்கள் அதை அவ்வப்போது கணப்பின் மேல் காட்டிச் சூடாக்குவார்கள். நேரில் பார்க்கக் கிடைத்தால் அதையும் கவனியுங்கள்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எடோ கால (1603–1868) நகரத்து இசையில் அதிகம் வரும் சுர வரிசை ச ரி1 ம1 ப த1, நம் கர்நாடக சுத்த சாவேரி. நாட்டுப் பாடல்களில் சுத்த தன்யாசியின் சுரங்கள் வரும். தெற்கே ஒகினாவாவுக்குப் போனால் கம்பீர நாட்டையின் சுரங்கள். வாசல் கதவைத் திறக்க இந்த ஒப்பீடு போதும், அதோடு விட்டுவிடுங்கள். ராகத்தைத் தேடிக்கொண்டே கேட்டால் சுரங்களுக்கு நடுவில் இருப்பது கைநழுவும். அந்த இடைவெளியை அவர்கள் 'மா' என்பார்கள். நம் கச்சேரியில் தம்புரா அதை நிரப்பிவிடுகிறது. தனி ஷாகுஹாச்சிக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது. அடுத்த சுரம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பதற்றம் முதல் வாரம் இருக்கும், நான்காம் வாரம் குறைந்துவிடும்.

மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசெனை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, அமைதிக்கு அது முதல் வாத்தியம் அல்ல என்பது என் கட்சி. ஆனால் அதன் தடித்த தந்தி மேல்முனையில் லேசாக உரசி ரீங்கரிப்பதைக் கேட்டால் தம்புராவின் ஜீவாளி நினைவு வரும். அந்த ரீங்காரத்துக்குப் பெயர் 'சவாரி'. குதிரைச் சவாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நண்பருக்கு எழுதுவது

பல வருஷம் தொடர்பில்லாமல் இருந்தவருக்கு எழுதும்போது முதல் வரி 'கோபுசதா ஷிதெ ஒரிமாஸ்'. இத்தனை நாள் விசாரிக்காமல் இருந்துவிட்டேன் என்று வருந்தும் வாசகம் அது. அதைச் சொல்லிவிட்டால் காரணங்களை அடுக்க வேண்டியதில்லை. பிறகு, வரும் தேதிகளில் இரண்டைக் கொடுத்து எது வசதி என்று கேளுங்கள். திடீரென்று வாசலில் போய் நிற்பது நம்மூரில் பாசம், அங்கே சங்கடம்.

வீட்டுக்குத்தான் வருவேன் என்று அடம்பிடிக்கவும் கூடாது. வீடுகள் சிறியவை, பலர் வெளியே ஒரு தேநீர்க் கடையில் சந்திப்பதையே விரும்புவார்கள். வீட்டுக்கு அழைத்தால் அது பெரிய விஷயம். நீங்கள் சைவம் என்றால் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மிசோ சூப்பின் அடிச்சாற்றில்கூட உலர்மீன் சீவல் இருக்கும். கொம்பு என்ற கடற்பாசியில் சாறு எடுத்தும் சமைப்பார்கள், முன்கூட்டியே தெரிந்தால்தான் முடியும். கடைசியில், இப்போது கோட்டோ கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிக்கு மூன்று பக்கப் பதில் வந்தது.

கையில் என்ன கொண்டுபோவது

நம் ஊர்த் தின்பண்டம் போதும். தனித்தனியாகப் பொட்டலம் கட்டியது நல்லது, வீட்டில் உள்ளவர்களும் அக்கம்பக்கத்தினரும் பகிர்ந்துகொள்ள வசதி. கோவில்பட்டி கடலைமிட்டாய் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. மைசூர்பாகு பயணத்தில் உருக்குலைந்துவிடும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், இறைச்சி சேர்ந்தது எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையிலேயே போய்விடும். நான்கு, ஒன்பது என்ற எண்ணிக்கை வேண்டாம். அந்த எண்களின் உச்சரிப்பு சாவையும் துன்பத்தையும் நினைவூட்டும்.

வாசலும் பாயும்

வெளியே சந்திப்பதென்றால் ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். வீட்டுக்கென்றால் சொன்ன நேரத்துக்கு அல்லது இரண்டு மூன்று நிமிடம் கழித்து. சீக்கிரம் போனால் அவர்கள் இன்னும் தயாராகிக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்ததும் 'ஒஜாமா ஷிமாஸ்', தொந்தரவு தருகிறேன் என்று சொல்லி நுழையும் வாசகம். செருப்பைக் கழற்றி மேலே ஏறி, திரும்பிக் குனிந்து அதை வாசல் பார்த்து வையுங்கள். உள்ளே போட்டுக்கொள்ளச் செருப்பு தருவார்கள். தத்தாமி பாய் போட்ட அறைக்குள் அதுவும் கூடாது. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்து நின்ற ஆட்களில் நானும் ஒருவன்.

அன்பளிப்பைப் பையிலிருந்து வெளியே எடுத்து இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். உட்காரும் மெத்தையை மிதிக்காமல் முழங்காலால் ஏறி உட்காருங்கள். மண்டியிட்டு உட்கார்வது பத்து நிமிடத்துக்கு மேல் நமக்குத் தாங்காது. காலைத் தளர்த்திக்கொள்ளச் சொல்வார்கள். ஆண்கள் சம்மணம் போடலாம், பெண்கள் காலை ஒருபக்கமாக மடக்கிக்கொள்வார்கள்.

மணி ஒன்று ஒலிக்கும்

பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் போகிறோம் என்றால், நமக்குச் சோறு போட்ட நண்பரின் அம்மாவோ அப்பாவோ இப்போது இல்லாமல் இருக்கலாம். பல வீடுகளில் புட்சுதான் என்ற சிறு வழிபாட்டு மாடம் இருக்கும், அதில் படம் இருக்கும். தேநீருக்கு முன்பே, ஊதுபத்தி ஏற்றலாமா என்று கேளுங்கள். 'ஒசென்கோ' என்ற சொல்லே போதும், புரிந்துகொள்வார்கள். கொண்டுபோன இனிப்பையும் முதலில் அங்கேதான் வைப்பார்கள்.

மெழுகுவர்த்தியில் பத்தியைப் பற்றவையுங்கள். சுடரை வாயால் ஊதி அணைக்கக் கூடாது, கையை வீசி அணைக்க வேண்டும். பக்கத்தில் கிண்ணம் போன்ற சிறு மணி இருக்கும், ரின் என்று பெயர். எத்தனை தட்டு, எப்போது தட்டுவது என்பது பௌத்தப் பிரிவுக்குப் பிரிவு மாறும். நண்பர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். பிறகு கை கூப்பிக்கொண்டு, அந்த ஒலி முழுக்கத் தேயும்வரை அசையாமல் இருங்கள். நினைப்பதைவிட நெடுநேரம் நிற்கும். 'மா' என்று நான்கு வாரம் படித்தது எனக்கு அங்கேதான் புரிந்தது. என் நண்பரின் அம்மா என்னை எப்போதும் அரைகுறை ஜப்பானிய மொழியில் பேச வைத்துச் சிரிப்பார். மணி அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நான் திரும்பவில்லை, நண்பரும் கூப்பிடவில்லை.

சேர்ந்து கேட்பது

உங்களிடம் உள்ள பதிவை ஓட்டாதீர்கள், அவர் வீட்டில் இருப்பதைக் கேளுங்கள். ஒன்றுமே இல்லை, நான் ராக் இசைதான் கேட்பேன் என்று சிரிக்கும் நண்பர்களும் உண்டு. நம்மில் எத்தனை பேர் வீட்டில் வீணை கேட்கிறோம்? அப்போது, வீட்டில் யாராவது வாசித்ததுண்டா என்று கேளுங்கள். பாட்டியோ அத்தையோ கற்ற கோட்டோ ஒன்று துணிச் சுற்றோடு அலமாரியில் கிடக்கும் வீடுகள் உண்டு. வெளியே எடுத்தால் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். குதிரைகள் இல்லாமல், தந்தி தளர்ந்து கிடந்த ஒரு கோட்டோவைப் பற்றி நாங்கள் ஒரு மாலை முழுக்கப் பேசினோம்.

இசை முடிந்ததும் உடனே பாராட்டத் தோன்றும். பத்து மூச்சு விட்டுப் பேசுங்கள். பழைய நண்பர்கள் இருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை.

வெளியே எங்கே கேட்கலாம்

கியோட்டோவில் ஒரு அரை நாள் இருந்தால் என் முதல் பரிந்துரை கச்சேரி அல்ல. தெமாச்சியனாகியிலிருந்து எய்சான் ரயிலில் இச்சிஜோஜி நிலையத்தில் இறங்கி, மலைப்பக்கம் மேட்டில் நடங்கள். 1641இல் கவிஞர் இஷிகாவா ஜோசான் கட்டிய ஷிசென்தோ என்ற பழைய இல்லம் வரும். அதன் தோட்டத்தில் ஒரு மூங்கில் துண்டு நீர் நிரம்பிச் சாய்ந்து, திரும்பும்போது கல்லில் 'டொக்' என்று தட்டும். மானையும் காட்டுப்பன்றியையும் விரட்ட வந்த பொறி அது. இப்போது மனிதர்கள் அதைக் கேட்கக் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் என்கோஜி கோவில். அங்கே மண்ணுக்குள் கவிழ்த்துப் புதைத்த பானைக்குள் நீர் சொட்டும். மேலே வைத்த மூங்கில் குழாயில் காதை வைத்தால், பானைக்குள் யாரோ கோட்டோ மீட்டுவது போல இருக்கும். சுயிகின்குட்சு என்ற பெயரிலேயே கோட்டோ இருக்கிறது. நவம்பரில் இலை சிவக்கும் நாட்களில் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் சொட்டு கேட்காது.

ஷாகுஹாச்சியின் ஊர் பார்க்க வேண்டுமென்றால் கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். நாரா வழித்தடத்தில் ஒரே நிறுத்தம், தோஃபுகுஜி. அந்தப் பெரிய கோவிலின் வளாகத்தில் மியோஆன்ஜி இருக்கிறது. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊதித் திரிந்த கொமுசோ துறவிகளின் மரபு அது. அவர்களுக்கு ஊதுவதே தியானம். அப்போது புதிதாக வந்திருந்த மெய்ஜி அரசு 1871இல் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டது, இசை தப்பித்தது. சுற்றுலாத் தலம் போல எப்போதும் திறந்திருக்காது. உள்ளே போக விரும்பினால் நண்பர் மூலம் முன்பே விசாரியுங்கள்.

காகாகுவுக்குத் தேதி பார்த்துப் போக வேண்டும். ஏப்ரல் 22 ஒசாகாவின் ஷிதென்னோஜி கோவிலில், ஆமைக் குளத்தின் மேல் உள்ள கல் மேடையில் ஆடலும் இசையும். டிசம்பர் 17 நாராவில் கசுகா வகாமியா விழா, குளிர் எலும்பைத் தொடும், கம்பளி அவசியம். டோக்கியோவில் அரண்மனைக் கலைஞர்கள் இலையுதிர் காலத்தில் பொதுமக்களுக்கு வாசிப்பதுண்டு, இடம் குலுக்கல் முறையில்தான். தேசிய நாடக அரங்கின் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க 2023 அக்டோபர் முடிவில் மூடிவிட்டார்கள், அதன் நிகழ்ச்சிகள் வேறு அரங்குகளில் நடக்கின்றன. பழைய வழிகாட்டி நூலை நம்பி அங்கே போய் நிற்காதீர்கள். கின்சாவில் உள்ள கபுகி நாடக அரங்கான கபுகிசாவில் ஒரு அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கி உட்காரலாம், பைக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

ஒசாகாவின் புன்ராகு பொம்மலாட்டத்துக்கு அமைதி தேடிப் போக வேண்டாம். கதை சொல்லும் தாயு பிரதியைத் தலைக்கு மேல் உயர்த்தி வணங்கிவிட்டு ஆரம்பிப்பார், பிறகு அழுவார், உறுமுவார், பக்கத்தில் ஷாமிசென் இடிக்கும். நண்பரோடு போனால் வெளியே வந்து இரவு உணவுவரை பேச விஷயம் இருக்கும்.

ஊதிப் பார்க்கும் ஆசை வந்தால்

ஒரு மணி நேரப் பாடத்தில் கோட்டோவில் ஏதாவது ஒரு சிறு மெட்டு வாசித்துவிடலாம். ஷாகுஹாச்சியில் முதல் நாள் காற்று மட்டும்தான் வரும். 'தலையாட்ட மூன்று வருஷம், கொரோ என்று ஒலிக்க எட்டு வருஷம்' என்று அவர்களே சொல்வார்கள். உதட்டின் கோணத்தை மாற்றித்தான் சுரத்தை ஏற்றி இறக்குகிறார்கள், தலையாட்டம் அதற்குத்தான். மூங்கில் குழல் விலை கூடுதல், வறண்ட ஊரில் வெடிக்கும். பிளாஸ்டிக் குழலில் ஆரம்பிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கண்ணாடி முன் நின்று ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் ஊதினால் தலை சுற்றும்.

திரும்பி வந்த பிறகு

அன்று இரவே அல்லது மறுநாள் நன்றி சொல்லி ஒரு செய்தி. டிசம்பரில் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பலாம், ஆனால் அந்த வருஷம் அவர் வீட்டில் துக்கம் என்றால் முன்கூட்டியே ஒரு அட்டையில் தெரிவிப்பார்கள். அப்போது வாழ்த்து அனுப்பக் கூடாது. ஜனவரி 7 கழிந்த பிறகு குளிர்கால நலம் விசாரித்து எழுதலாம். துக்கம் இல்லாத வருஷம் நான் ஜனவரி 1 அன்று காலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். அங்கே ஒன்பதரை, சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருப்பார்கள், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முறை நண்பர் பேச்சை நிறுத்திவிட்டுப் போனை அந்தப் பக்கம் நீட்டினார். ஹாரு நோ உமி.